என்னைப் படுக்க வைத்த டாக்டர் மாணவர்

தொண்ணூறுகளில் மைசூரில், டாக்டருக்குப் படிக்கும் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்து உடல்நலம் விசாரித்துப் பழகுவதற்கு, அவர் காலேஜில் எங்கள் குடும்பத்தை ஒதுக்கியிருந்தார்கள். ஒல்லி உடம்பு, தொளதொள வெள்ளைக் கோட்டு. கேள்வி கேட்குமுன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். நானும் கூச்சக்காரன். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அவரே, "ஆஸ்பத்திரியில எல்லாரும் படுத்திருப்பாங்கண்ணா, கேள்வி தானா வந்துடும். வீட்டுல எப்படிப் பேசறதுன்னு காலேஜ்ல யாரும் சொல்லித் தரல. ஸ்வல்ப, கொஞ்சம் படுத்துக்கோங்களேன்" என்றார்.

படுத்தேன். மளமளவென்று கேட்டுத் தள்ளினார். பிறகு வாராவாரம் அவர் தலையைக் கண்டதும் பாய் விரித்தேன்.

மார்க் போடும் நாளில் பேராசிரியரே கூட வந்துவிட்டார். பாயில் கிடந்த என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வியாதி?" என்றார்.

"வியாதி எனக்குத்தான் சார்" என்றார் மாணவர்.

மார்க் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் அவர் தயங்காமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.