மூச்சை அடக்கினேன், கண்ணாடி வெளுத்தது

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பேய், பிசாசு என்று ஊரைக் கூட்டுகிற ஆள் இல்லை நான். சாமியாடுகிறவனையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பவன். படிப்பு மூன்றாவதோடு சரி. கதை கட்டத் தெரியாது. போன தை மாதம் என் தலையில், என் கண்ணுக்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் மனைவி அம்சவள்ளிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முதல் ஷிப்டு, மார்கழிக் கடைசியில்தான் கிடைத்தது. ஆறு மணிக்குள் போய்ப் படுக்க வேண்டும். தாமதமானால் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை தவறினாலே அவளுக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும். எங்கள் ஊர் நெட்டப்பாக்கத்துக்கு உள்ளே. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. என் பழைய டிவிஎஸ் வண்டிதான். நான் ஓட்டுவேன், அவள் பின்னால் என் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாள்.

ஹெல்மெட் இல்லாவிட்டால் மூலக்குளத்தில் போலீஸ் மடக்குகிறான். அவனிடம் நின்று நியாயம் பேசினால் கட்டில் போச்சு. அவளுக்கு மருமகன் ஒன்று கொடுத்திருந்தான். எனக்கு இல்லை. போகி அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஏம்பலத்தில் ஒரு வீட்டுக்கு முன்னால் பாயும் துணியும் எரிந்த சாம்பல் கிடந்தது. பிளாஸ்டிக்கைக் கொளுத்தக் கூடாது என்பதால் ஒரு கறுப்பு ஹெல்மெட்டை மட்டும் ஓரமாகப் போட்டிருந்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

“போகியில கழிச்சத எடுக்காதய்யா. வூட்டுக்கு ஆகாது,” என்றாள் அம்சவள்ளி.

“ஹெல்மெட்டுக்கு இன்னா ஆகாது? உங்க அண்ணனா வாங்கித் தரப்போறான்?”

சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை. எனக்கும் இல்லை.

முதல் நாளே கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்து வழி தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டினால், புரை எடுத்த கண்ணில் குளிர்காற்று அடித்து நீராகக் கொட்டுகிறது. மெக்கானிக் ஜெயசீலனிடம் போய் நின்றேன்.

“அது உன் மூச்சுதான் மாமா. குளிக்கிற சோப்ப காஞ்சபடியே உள்பக்கம் லேசா தேயி. தண்ணி படக்கூடாது. அப்புறம் பழைய வேட்டித் துணியால பளிச்சுன்னு ஆவறவரைக்கும் தொட. கீழ விரல் நுழையிற அளவு தொறந்து வெச்சு ஓட்டு.”

“தொடச்சிட்டா சோப்பு எங்கடா இருக்கும்? யார ஏமாத்துற?”

“கண்ணுக்குத் தெரியாம இருக்கும் மாமா. சோப்பக்கூட சந்தேகப்பட்டா நான் இன்னா பண்றது?”

நம்பாமல்தான் தேய்த்தேன். ஆனால் பலித்தது. எங்கள் ஊர்ப் பனியில் ஒரு பொட்டு படியவில்லை. ஏம்பலம் தாண்டியும் தெளிவு. வில்லியனூருக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் கண்ணாடி வெளுத்தது. பாலம் இறங்கியதும் தெளிந்தது. ஆற்றுக் குளிர் என்று நினைத்தேன்.

அடுத்த தடவையும் அப்படியே. சோப்பைக் கூடுதலாகத் தேய்த்தேன். துணியை மாற்றினேன். இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கும். பாலத்தில் மட்டும் வெளுக்கும்.

இன்னொன்றும் இடித்தது. என் மூச்சென்றால் வாய்க்கு நேரே, கீழேதானே முதலில் படிய வேண்டும்? இது கண்ணுக்கு நேரே படிந்தது. யாரோ முகத்தோடு முகம் வைத்து ஊதியது போல.

அன்று செவ்வாய்க்கிழமை. மணி ஐந்து இருபது. பாலத்தில் ஏறினோம். வெளுத்தது.

பார்த்துவிடலாம் என்று மூச்சை அடக்கினேன்.

தெளிந்தது.

வெளுத்தது.

தெளிந்தது… வெளுத்தது…

நான் மூச்சு விடவே இல்லை.

அப்புறம் சத்தம். காதுக்குள். ஹ்ஹா… ஹ்ஹா…

பின்னால் அம்சவள்ளி விழித்துக்கொண்டாள். “இன்னாய்யா, உனக்கு இப்பிடி எரைக்குது?”

இரைத்தது எனக்கு இல்லை.

கழற்றி எறியக் கை போனது. நிறுத்தினால் கட்டில் போய்விடும். தெளிகிற நேரத்தில் ரோட்டைப் பார்த்து, வெளுக்கிற நேரத்தில் குருட்டாம்போக்கில் ஓட்டினேன்.

பாலம் முடிந்தது.

அன்று சத்தம் நிற்கவில்லை.

வில்லியனூர்… ஹ்ஹா…

மூலக்குளம்… ஹ்ஹா…

கூடவே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். நீளமாக ஒரு மூச்சு. அப்புறம் இல்லை.

ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. கட்டில் காலியாக இருந்தது. அம்சவள்ளி படுத்தாள். படுத்தவள் உடனே தலையைத் தூக்கினாள்.

“இதுல யாரும்மா படுத்திருந்தது? மெத்த சூடா இருக்குது.”

“நீங்கதான் இன்னிக்கு மொத ஆளு பெரிம்மா,” என்றாள் நர்ஸ் சகாயராணி. “ராத்திரியிலேந்து யாரும் படுக்கல.”

அப்போதுதான் என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் குறுக்கே ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைத் தடவினாள்.

“பெரியப்பா, இது பலராமன் அண்ணன் ஹெல்மெட்டு. இந்த டேப்ப ஒட்டினது நான்தான். இருட்டுல பின்னாடி வர்றவனுக்குத் தெரியட்டும்னு.”

மெதுவாகச் சொன்னாள். பலராமன் ஏம்பலத்துக்காரர். மார்கழியில் ஒரு விடியற்காலை, அந்தப் பாலத்தில் ஏதோ வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கூடியவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றப் பயந்தார்கள். கண்ணாடி வெளுத்து வெளுத்துத் தெளிவதைப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று சுற்றி நின்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது கண்ணாடி தெளிவாக இருந்தது.

“அந்நேரத்துல எங்க கெளம்பினாரு?” என்று கேட்டேன்.

சகாயராணி கட்டிலைப் பார்த்தாள். என் மனைவி காதில் விழாதபடி சொன்னாள்.

“இங்கதான் பெரியப்பா. மொத ஷிப்டு. அவரு எடந்தான் உங்களுக்குக் கெடச்சுது.”

ஹெல்மெட்டை அந்த ஏம்பலத்து வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். வேறு கட்டில் கேட்டேன். இல்லை என்றார்கள். அம்சவள்ளியிடம் நான் எதையும் சொல்லவில்லை. சகாயராணியும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, கடன் வாங்கிய ஹெல்மெட்டோடு போனோம். பாலத்தில் ஒன்றும் இல்லை. அதே கட்டில்.

அவள் ஏறிப் படுத்தாள். ஒரு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தாள்.