ஓவசியர் வீட்டு வெள்ளைக் கள்ளி

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. நான் ஊன்றினால் விளக்குமாற்றுக் கட்டையும் துளிர்க்கும் என்பார்கள். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். ஆளுக்கொரு வயல், வயலுக்கொரு வாய்க்கால், வாய்க்காலுக்கொரு சண்டை. அத்தனை சண்டைக்குள்ளும் மிளகாய்க் கன்று நடுகிற நாள் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் எனக்குத்தான் ஆள் வரும். "அக்கா, முதல் கண்டை நீங்கள் வந்து வைச்சுத் தாங்கோ" என்பார்கள். சாணிப் பிள்ளையாருக்கு அறுகம்புல் குத்தி, தேங்காய் உடைத்து, கிழக்கே பார்த்து நான் ஒரு கன்றை ஊன்றிய பிறகுதான் மற்றவர்கள் வயலில் குனிவார்கள். எனக்குப் படிப்பும் இல்லை, நிறமும் இல்லை, பாடவும் வராது. கை ஒன்றுதான் இருந்தது.

அந்தக் கைக்கு வினை ஒரு லொறியில் வந்து இறங்கியது. வாய்க்கால் தண்ணீரைத் திறந்து பூட்டுகிற ஓவசியர் ஒருவர் மலைநாட்டுப் பக்கமிருந்து மாற்றலாகி, எங்கள் வீடுகள் நின்ற ஒடுக்கமான ஒழுங்கைக்கு எதிரே இருந்த அரசாங்கக் குவாட்டஸ் வீட்டுக்கு வந்தார். லொறியில் ஓர் அலுமாரி, நாலு கதிரை, ஒரு கட்டில். மிச்சமெல்லாம் பூச்சாடி. அவருடைய மனைவி முன் ஆசனத்தில் ஒரு சாடியை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். என்ன பூவோ என்று வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். கள்ளி! வேலிக்குக்கூட ஒருவரும் ஆசைப்பட்டு நடாத சாமான். இதற்கா இந்த எடுப்பு என்று நினைத்துச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்தச் சிரிப்பு அடுத்த நாளே போய்விட்டது. ஒழுங்கைப் பெண்டுகள் எல்லாரும் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போவதும், வாயைப் பிளந்துகொண்டு வருவதுமாக இருந்தார்கள். "அக்கா, நீங்கள் போய்ப் பாக்கேல்லையோ? காதுமாதிரி ஒண்டு, விரல்மாதிரி ஒண்டு, ஏணிமாதிரி ஒண்டு... குறோட்டன் மட்டும் எத்தினை நிறம்!" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். என் முற்றத்தில் மல்லிகைப் பந்தல் வெள்ளையாய்ப் பூத்துக் கொட்டிக் கிடந்தது. ஒருத்தியாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! நான் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு, எங்கள் கோழி அந்தப் பக்கம் வந்ததோ என்று கேட்கிற சாட்டில் போனேன்.

விறாந்தையில் படி படியாகப் பலகை அடித்துச் சாடிகளை அடுக்கியிருந்தாள். பிஸ்கற் ரின், பால்மா ரின், உடைந்த சட்டி எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று முள்ளோடு நின்றது. நடுவில்தான் அது இருந்தது. தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு. உச்சியைச் சுற்றி ரோசா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள், தலையில் சரம் வைத்த மாதிரி. அடியில் ஏழெட்டுக் குட்டிகள் தாயோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிறு பற்றி எரிந்தது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும், அது என் வீட்டில் இல்லாமல் இவளுடைய வீட்டில் இருக்கும் என்றால், பிறகு என் கை என்ன கை!

"இதுக்கு என்ன செய்யிறனீங்கள், தங்கச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யிறேல்லை அக்கா. இதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. தன்ர பாட்டில கிடக்கும்" என்றாள்.

அந்தக் கதை எனக்குத் தெரியாததா? என்னிடம் மல்லிகைத் தடி கேட்டு வருகிறவர்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். விடிய எழும்பி வாளி வாளியாக அள்ளி ஊற்றுவதை, மாட்டெருவைக் கையால் உதிர்த்துப் போடுவதை, பூச்சி பொறுக்குவதை எந்தக் கைராசிக்காரி வெளியில் சொல்வாள்? சொன்னால் அதற்குப் பேர் கைராசியா? இவளும் என்னைப்போலத்தான், வலு கெட்டிக்காரி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கேட்காமலே ஒரு குட்டியைக் கிள்ளித் தந்தாள். அது ஒரு குறையும் சொல்ல முடியாத குணம், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வாங்கினால் கொடுக்க வேண்டும் அல்லவா? நானும் மல்லிகை, செவ்வரத்தை, முருங்கை என்று தடிகள் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எப்பிடி அக்கா நடுறது?" என்று கேட்டாள். "சும்மா குத்திவிடுங்கோ, தானா வரும்" என்றேன்.

குட்டியைக் கொண்டுவந்து நான் நட்ட நடவு இருக்கிறதே! வாய்க்கால் வண்டலை அரித்து, மக்கிய எருவைக் கலந்து, புதுச் சாடி ஒன்றில் வைத்தேன். காலையில் ஒரு செம்பு, பின்னேரம் ஒரு செம்பு. எங்கள் ஆட்களுக்குப் பயிர் என்றால் தண்ணீர். முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கி அடிபட்ட சனம் நாங்கள். வெயிலில் நிற்கிற ஒன்றுக்குத் தண்ணீர் காட்டாமல் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. குட்டி முதலில் கொழுத்தது. பிடித்துவிட்டது என்று ஒழுங்கையெல்லாம் சொன்னேன். ஒருநாள் காலையில் ஆசையாகத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. அழுகின வாழைப்பழம்போல் இருந்தது. யாரும் பார்க்க முதல் எருக்கும்பிக்குள் புதைத்தேன்.

திரும்பப் போய், "கோழி கிளறிப் போட்டுது தங்கச்சி" என்றேன். இன்னொன்று தந்தாள். அதற்கு இன்னும் கூடக் கவனம், இன்னும் கூடத் தண்ணீர். அதுவும் போனது. இந்தமுறை, "ஆடு கடிச்சுப் போட்டுது" என்றேன்.

"முள்ளையோ அக்கா?"

"எங்கட ஆடு எதையும் தின்னும்."

சிரிக்காமல் மூன்றாவதைத் தந்தாள். மூன்றாவதும் அழுகியது. ஒழுங்கையில் கதை கிளம்பிவிட்டது. "அக்காவின்ர கைராசி விட்டிட்டுதுபோல." "ஓவசியர் அக்கா முள்ளிலயே பூ எடுக்கிறா, அவாவின்ர கைதான் கை." குளிக்கப் போன இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் உடுப்பைத் தோய்த்தேனா கிழித்தேனா தெரியாது. அவள் தருகிற குட்டிக்கு முதலே சுடுதண்ணீர் ஊற்றித் தருகிறாள் என்று முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் என் கையில் ஏன் சாக வேண்டும்?

வாய்க்கால் கரையில் ஒரு வீட்டுக்காரி இருந்தாள். சோம்பேறித்தனத்துக்கு எங்கள் திட்டத்திலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. முற்றம் கூட்டமாட்டாள். கோழி குசினிக்குள் முட்டை இடும், அதையும் பொறுக்கமாட்டாள். அவளுக்கும் ஓவசியர் மனைவி ஒரு குட்டி கொடுத்திருந்தாளாம். அதுவும் செத்திருக்கும், பார்த்தால் மனதுக்கு ஓர் ஆறுதலாக இருக்கும் என்று போனேன்.

"ஐயோ அக்கா, நான் அதை மறந்தே போனன். தேங்காய்ச் சிரட்டைக்குள்ள கொஞ்சம் மணலோட மாட்டுக் கொட்டிலுக்கு மேல எறிஞ்சது. பாருங்கோ, கிடக்குதோ தெரியேல்லை."

எட்டிப் பார்த்தேன். கிடந்தது. சிரட்டைக்குள் வெள்ளை வெளேரென்று உருண்டு திரண்டு, உச்சியில் ரோசாப் பூவோடு கிடந்தது. மாதக் கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத சாமான்! அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அவள் சொன்னது மெய். மெய்யைச் சொல்லியே என்னை ஏமாற்றிவிட்டாள், பாவி!

ஆனால் தெரிந்து என்ன? மிளகாய் நடுகிற காலம் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக ஓவசியர் மனைவியைக் கூப்பிடத் தொடங்கினார்கள். என் படலைக்கு ஒரு ஆளும் வரவில்லை. சரி, ஊர் போனால் போகட்டும், என் வயல் எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனிசன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"இஞ்சாரும், இந்தமுறை முதல் கண்டை ஓவசியற்ர மனிசியைக் கொண்டு வைப்பிச்சால் என்ன?"

கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. "ஏன், என்ர கைக்கு என்ன?"

"உம்மட கைக்கு ஆர் என்ன சொன்னது? சனம் எல்லாம் கூப்பிடுது. நாங்கள் கூப்பிடாமல் விட்டால் ஓவசியர் என்ன நினைப்பார்? தண்ணியும் நேரத்துக்கு வரவேணுமெல்லே."

"அப்ப தண்ணிக்காக என்னை வித்துப்போட்டியளோ?"

அவர் எழும்பிக் கை கழுவப் போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

அவள் வந்தாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு. என் வயலில், என் நாற்றுமேடைக் கன்றை, என் கண்ணுக்கு முன்னால் எடுத்தாள். கள்ளிக்குட்டியை மணலில் வைப்பதுபோல் மண்ணுக்கு மேலே நோகாமல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வேரை அமத்தவும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடவும் இல்லை. எல்லாரும் சந்தோசமாக, உடைத்த தேங்காயில் ஆளுக்கொரு துண்டு தின்னப் போனார்கள். அப்படியே விட்டால் விடியக் கன்று சுருண்டுவிடும், அவளுடைய கையின் இலட்சணம் ஊருக்குத் தெரியும். விட்டேனா? என் எரிச்சலுக்காக என் மிளகாயைச் சாகவிட எனக்கு மனம் வருமா? குனிந்து வேரைப் பெருவிரலால் அமத்தி, செம்புத் தண்ணீரை ஊற்றினேன். ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தமுறை எங்கள் மிளகாய் காய்த்த காய்ப்பு! கொப்பு முறியக் காய்த்தது. வாய்க்கால் தண்ணீரும் முறை தவறாமல் வந்தது. ஓவசியர் தன் மனைவி கன்று வைத்த வயல்களைக் காயவிடுவாரா? இதை நான் என் மனிசனுக்குச் சொன்னால், அவர் காயைக் கையில் அள்ளிக் காட்டி, "பாத்தீரே, கைராசி எண்டால் இதுதான்" என்றார். அந்தக் காயை அப்படியே அவர் கண்ணில் தேய்க்கலாம்போல் இருந்தது.

ஓவசியருக்கு மாற்றல் வந்தபோது, பொய் சொல்லமாட்டேன், எனக்குப் பெருநாள்போல இருந்தது. சாடிகள் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது என்று பெண்டுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தாள். நான் அந்த வெள்ளைத் தாய்க்கள்ளிக்குக் காத்திருந்தேன். இப்போது எனக்கு அதன் சூட்சுமம் தெரியும், தண்ணீரே காட்டமாட்டேன், கொட்டிலுக்கு மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவேன் என்று மனதுக்குள் சத்தியம் பண்ணி வைத்திருந்தேன். அது வாய்க்கால் கரைச் சோம்பேறிக்குப் போனது. என்னிடம் வெறுங்கையோடு வந்து, "உங்களிட்டத் தரத்தான் ஆசை அக்கா. ஆனால் கோழியும் ஆடும் விடாதே" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

லொறி போன கையோடு வெறும் குவாட்டஸுக்குள் போனேன். ஒரு குட்டியாவது தவறிக் கிடக்குமோ என்றுதான். ஒன்றும் இல்லை. குசினிக்குப் பின்னால், ஒழுங்கையிலிருந்து தெரியாத மூலையில், பனையோலை மறைப்பு ஒன்று இருந்தது. விலக்கிப் பார்த்தேன். உள்ளே வரிசையாகத் தடிகள். என் மல்லிகை, என் செவ்வரத்தை, என் முருங்கை. நான் கொடுத்த அத்தனையும் குத்தினபடி விறைத்துக் காய்ந்து நின்றன. வெயில் படாமல் மறைப்புக் கட்டியிருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் அடியில் மண்ணைக் கூட்டி அணைத்திருக்கிறாள். தண்ணீர் மட்டும் விடவில்லை. சும்மா குத்திவிடச் சொன்னது நான்தானே. முருங்கையைக்கூடச் சாக வைத்த கை! என் வயிறு குளிர்ந்த குளிர்ச்சியை எப்படிச் சொல்ல? அந்த வெறும் வளவில் தனியாக நின்று சிரித்தேன்.

தடிகளைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"விறகுக்கோ?" என்றார் மனிசன்.

"விறகோ! பாருங்கோ, உங்கட கைராசிக்காரி நட்ட மரங்கள். ஒண்டுகூடப் பிடிக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதையும். முள்ளில பூ எடுத்த மனிசிக்கு முருங்கை வராதோ? உமக்கு எரிச்சல்."

"ஓம், எரிச்சல்தான்! எரிச்சல் எண்டால் பொய்யோ?"

ஒழுங்கையிலும் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. போன பிறகும் அந்த மனிசியை விடாமல் கரிக்கிறாள் என்று என்னைத்தான் சொன்னார்கள். தடிகள் கடைசியில் அடுப்புக்குத்தான் போயின.

அடுத்த முறை மிளகாய் நடுகிற நாளில், புதிதாகக் கலியாணம் முடித்து வந்த ஒரு பிள்ளை என் படலையைத் தட்டினாள்.

"ஓவசியர் அக்கா இல்லையே, என்ன செய்யிறது. நீங்களாவது வந்து முதல் கண்டை வைச்சுத் தாங்கோவன்."

நீங்களாவது! படலையை அடித்துச் சாத்தலாமோ என்று வந்தது. கை சும்மா நிற்கவில்லை, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போனேன். கிழக்கே பார்த்துக் கன்றை ஊன்றினேன், வேரை அமத்தினேன், வாளித் தண்ணீரை எல்லாரும் பார்க்க ஊற்றினேன். ஒருநாளும் ஒருவருக்கும் சொல்லாததை அன்றைக்கு வாய் திறந்து சொன்னேன்.

"பிள்ளை, சும்மா குத்தினால் ஒண்டும் வராது. விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா இப்பிடி ஊத்தவேணும். எருவைக் கையால உதிர்த்துப் போடவேணும்."

அவள் என் சேற்றுக் கையையும் வாளியையும் பார்த்தாள்.

"ஓவசியர் அக்கா வைச்சால் இவ்வளவு கரைச்சல் இல்லையாம், என்ன அக்கா?" என்றாள்.

நான் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன்.