கொழும்பு பாரிஸ்டரும் என் அவசரமும்

1973ஆம் ஆண்டு, மாதா கோயில் திருவிழா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, தூத்துக்குடி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்தது இது.

என் மைத்துனர் தோணி ஓட்டுகிற தண்டல். பழைய துறைமுகத்தில் நடந்த ஒரு கைகலப்பில், அடிக்காத அவர் பெயரும் வழக்கில் சேர்ந்துவிட்டது. தண்டனை வந்தால் அதன்பின் கடலுக்குப் போக முடியாது.

அந்தச் சமயம் மில்லர்புரத்தில் தன் தங்கை வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, கொழும்பில் வக்கீல் தொழில் செய்பவர். ஓடிப்போய் வழக்கை எடுத்து நடத்தும்படி கேட்டேன்.

"தம்பி, நான் கொழும்பிலதான் வக்கீல். இங்க பேச எனக்கு உரிமையில்லை" என்றார்.

மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே பதில். மூன்று நாளையும் டைரியில் குறித்து, எதிரே 'அடக்கம்' என்று எழுதிவைத்தேன்.

"அத்தான், அவருதான் முடியாதுங்காரே!" என்று மைத்துனர் பதறினார்.

"பெரிய மனுசங்க அப்படித்தாம்லே சொல்லுவாங்க" என்றேன்.

கடைசியில் என் தொல்லை தாங்காமல், "சும்மா பார்க்க வாறன்" என்றார். எனக்கு அது போதும். ஜாமீன் எடுத்துத் தந்த உள்ளூர் வக்கீலிடம், லண்டன் பாரிஸ்டர் வருகிறார், இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். பின்பெஞ்சில் இருந்த பாரிஸ்டர் பைக்குள் கையை விட்டார். கறுப்பு அங்கிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பனையோலை விசிறி வந்தது. நிதானமாக வீசிக்கொள்ளத் தொடங்கினார்.

"எதிரிக்கு யார் ஆஜர்?" என்று மாஜிஸ்திரேட் இரண்டாம் முறை கேட்டார். கோர்ட் பாஷையில் எதிரியான மைத்துனர், கூண்டிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வேறு வழக்குக்காக வந்திருந்த அதே உள்ளூர் வக்கீல் எழுந்தார். "நான்தான் ஆஜர்" என்றார். அவருடைய குறுக்கு விசாரணையில், சண்டையின்போது மைத்துனர் தோணியிலேயே நின்றதாகத் துறைமுகச் சாட்சி ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் விடுதலை.

சாட்சி விசாரணை முடிந்து அன்று வெளியே வந்ததும் வக்கீல் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, லண்டன்காரரு வாதம் எப்படி?"

பாரிஸ்டர் எனக்கும் சேர்த்து விசிறினார். "நான் உண்மையைத்தானே சொன்னனான், தம்பி" என்றார்.

தன்னால் முடியாது என்று ஒருவர் சொன்னால், அதை அப்படியே நம்புவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான் என்பது, எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு அன்றுதான் புரிந்தது.