கறுப்புப் பொட்டுள்ள இலைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டிடத்து முற்றத்தில் ஒரு தென்னை நிற்கிறது. அதன் கீழ் ஓலைகள் என் பல்கனிக் கம்பியில் வந்து சாயும். பதினாறு வருடமாக என் சம்பலுக்கும் சொதிக்கும் அந்த மரத்துத் தேங்காய்தான். கடையில் தேங்காய் வாங்காதவள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

அந்த மரத்தில் வெள்ளை ஈ என்ற பூச்சி பிடித்தது. ஓலையின் அடியில் மாவைத் தூவினதுபோல வெள்ளை. சீனிப் பாணிபோல ஒன்று சொட்டி, கீழே நின்ற கார்களில் ஒட்டிக் கரியாய்ப் படிந்தது. கட்டிடத்துச் செயலாளர் மேலே வந்தார்.

"அக்கா, மாசக் கடைசிக்குள்ள இது குறையவேணும். இல்லாட்டி மரத்தை வெட்டத்தான் வேணும். சனம் என்னைப் பிய்ச்சுத் தின்னுது."

அன்றிலிருந்து தினமும் காலையில் தேத்தண்ணி குடிக்கமுதல் சவர்க்காரத் தண்ணீரும் பழந்துணியுமாகப் பல்கனிக்குப் போவேன். எட்டிய ஓலையெல்லாம் துடைப்பேன். என் குசினியில் ஒரு கறை இருக்காது, ஓலையில் மட்டும் இருக்கலாமா? வெள்ளை சும்மா போய்விடும். இடையில் எள்ளுப்போலக் கறுப்புப் பொட்டுகள் இறுகப் பிடித்திருக்கும். அவற்றை நகத்தால் சுரண்டி எறிவேன். இரண்டு நாளில் வெள்ளை திரும்பி வரும். கறுப்பு வராது. அதுவே எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

பிறகு செயலாளர், பயிர்ப்பூச்சி பற்றிப் படித்த ஒரு மிஸ்ஸைக் கூட்டிவந்தார். மிஸ் சிங்களத்தில் கதைத்தார். எனக்கு அது நன்றாக விளங்கும். ஓலையைத் திருப்பிப் பார்த்து, யார் துடைத்தது என்று கேட்டார். நான்தான், கறுப்பையும் விடாமல் சுரண்டினேன் என்றேன், பெருமையாக.

அவர் ஓலையைக் கையிலிருந்து விட்டார். பிறகு சொன்னார்: கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு உள்ளிருந்து தின்னும்போதுதான் அது கறுக்கும். நான் சுரண்டினது அந்தக் குளவியை. மருந்தும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், கறுப்பு உள்ள இலை எங்காவது கிடைத்தால் கொண்டுவந்து கட்டுங்கள் என்றார்.

எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம், முஸ்லிம் பிள்ளை ஒருத்தியின் கொய்யா. அதன் இலைகளில் அதே கறுப்பை நான் கண்டிருந்தேன். வெள்ளை ஈ அதிலிருந்துதான் வந்தது, ஊத்தை மரம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவளோடு கதையை நிறுத்தியிருந்தேன். மாசம் முடிய இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது. அதில் இரண்டு நாளை, எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று படியில் ஏறி இறங்கியே தொலைத்தேன்.

மூன்றாம் நாள் போனேன். "பிள்ளை, உங்கட கொய்யா இலை கொஞ்சம் வேணும்."

"ஊத்தை மரமெண்டு சொன்னீங்களே அன்ரி?"

"அந்த ஊத்தைதான் வேணும்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சோப்புப் போட்டுக் கழுவித் தரவா?"

ஒரு பை நிறைய வெட்டித் தந்தாள். ஓட்டை விழாத பொட்டுள்ள இலைகளாகத் தெரிந்தெடுத்து, ஓலைகளில் நூலால் கட்டினேன். ஓட்டை இருந்தால் குளவி பறந்துவிட்டதாம்.

மாசக் கடைசியில் செயலாளர் வந்தார்.

"குறையேல்லையே அக்கா."

"குறையேல்லை. ஆனா கறுப்பு வந்திட்டுது, பாருங்கோ."

என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓலையில் எண்ணினார். ஏழு.

"இன்னும் ஒரு மாசம். அதுக்கு மேல என்னட்டக் கேக்கப்படாது."

பதினொரு நாள் போய்விட்டது. நேற்றுப் பொட்டுகள் கூடினமாதிரி இருந்தது. இன்று அப்படித் தெரியவில்லை. கடல் பக்கம் இருண்டு கிடக்கிறது. பெருமழை பெய்தால் அந்தக் குளவி எங்கே ஒதுங்கும் என்று மிஸ்ஸிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.