இடது கை எழுத்து

மயிலாடி யேசுரத்தினம் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் நகல் எழுதும் குமஸ்தா. நாளுக்கு இருபது தாள் எழுதியாக வேண்டும். எட்டாம் வருஷம், 1931-இல், பேனாவைப் பிடித்தாலே வலது கை விரல்கள் மரத்துப்போயின. வேலை போய்விடுமே என்று யாரிடமும் சொல்லாமல், வீட்டில் இடது கையால் எழுதிப் பழகி, நகல்களையும் அங்கேயே எழுதிக் கொண்டுவந்தார்.

எழுத்து மாறியதைக் கண்ட வக்கீல், "ஓய், யாரை வச்சு எழுதினீரு?" என்றார்.

யேசுரத்தினம் உண்மையைச் சொல்லி, அவர் முன்னாலேயே எழுதிக் காட்டினார். வக்கீல் சிரித்தார்.

"இடது கையும் எழுதுமா? நல்லதாப் போச்சு. நாளையிலிருந்து முப்பது தாள்."

அன்று சாயங்காலம் சோறு பிசைய வலது கை விரல்கள் மடங்கவில்லை. மனைவி நேசம்மாள்தான் ஊட்டிவிட்டாள்.

"இந்த வேலைய விட்டிருங்க."

"ஏட்டி, பின்ன நாலு பிள்ளைக்கும் யாரு கஞ்சி ஊத்துவா?" என்றவர், வாயில் சோற்றோடே அழுதார்.

மறுநாள் முப்பது தாளும் எழுதினார்.