ஆகாத மாசம்

நாக்பூருக்கு எந்த மாசத்தில் போகலாம் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். கார்த்திகை பிறந்த பிறகு கிளம்பி மாசி முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். விடியக்காலையில் வாயைத் திறந்தால் புகை வருமாம். தெருவுக்குத் தெரு கமலா ஆரஞ்சைக் குவித்து வைத்திருப்பார்களாம். பங்குனி பாதியிலேயே காற்று சுட ஆரம்பித்துவிடும். சித்திரை, வைகாசி இரண்டும் ஆகவே ஆகாது. ஆனியில் மழை பிடித்தால் புரட்டாசி வரைக்கும் நசநசவென்று விடாது. இவ்வளவு பேசுகிறேனே, நான் அந்த ஊருக்குப் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஆகாத மாசத்தில்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம். காரணம் என் அக்கா. அறுபதுகளின் தொடக்கத்தில் அவளை அங்கே கட்டிக்கொடுத்தார்கள்.

நாங்கள் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே குச்சிக்கிழங்கு, மரவள்ளி என்பார்களே அது, போடுகிற குடும்பம். கிழங்கு சேகோ மில்லுக்குப் போகும், அங்கே ஜவ்வரிசியாகி மூட்டை மூட்டையாக வடக்கே போகும். அந்த ஊர்ப் பொம்பளைகள் விரத நாளில் சோறு தொடமாட்டார்கள், ஜவ்வரிசியைத்தான் ஊறவைத்துத் தாளித்துச் சாப்பிடுவார்களாம். அதனால் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவர் நாக்பூரில் ஒரு கிளை போட்டிருந்தார். அங்கே வேலை பார்த்த நம்ம பக்கத்துப் பையன்தான் மாப்பிள்ளை. தங்கமான மனுஷன், அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். "புள்ளைய அத்தனை தூரம் தள்ளி உடறதா?" என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம கெழங்கே போகுது, புள்ள போனா என்ன?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்கு ஒரே ஆசை. மகள் குடித்தனம் பண்ணுகிற வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அடுப்பு எந்தப் பக்கம், துணி எங்கே காயப்போடுகிறாள், அக்கம்பக்கத்தில் யார் என்று தெரியாமல் இவளுக்கு இங்கே சோறு இறங்காது. "பக்கத்தூர்ல கட்டிக்குடுத்தவளுக வெடியால போயிட்டுப் பொழுதோட ஊடு வந்தர்றாளுக. நா மட்டும் என்ன பாவம் பண்ணுனேன்?" என்பாள்.

போவதா கஷ்டம்? மெட்ராஸ் போய் ரயில் மாறினால் ஆச்சு. கஷ்டமெல்லாம் மாசத்தில்தான் இருந்தது. அங்கே நன்றாக இருக்கிற மாசங்களில்தான் இங்கே கிழங்கு பிடுங்குவோம். மார்கழியில் கை வைத்தால் மாசி வரைக்கும் ஓயாது. பிடுங்கின கிழங்கு நிற்காது, கறுத்துப்போகும். உடனே மில்லுக்கு ஏற்றவேண்டும், அங்கே மில்காரன் முறை வைத்துத்தான் எடுப்பான். எங்களுக்குக் கை ஒழிவது பங்குனிக்குப் பிறகு. கிணற்றில் தண்ணீர் அடியில் போய், மாடுகூட வேலையில்லாமல் படுத்துக் கிடக்கும். அப்போது பார்த்து அங்கே தீயாகக் காயும். அங்கே ஆகும்போது இங்கே ஆகாது, இங்கே ஆகும்போது அங்கே ஆகாது. எந்தப் புண்ணியவான் வகுத்துவைத்தானோ, அவன் நல்லா இருக்கட்டும்.

அக்காவிடமிருந்து தாக்கல், சேதி எது வந்தாலும் கொண்டுவருவது ஜவ்வரிசி லாரியின் டிரைவர். நாமக்கல்காரர், வாய் ஓயாத மனுஷன். அவர் வண்டி மில்லுக்குத் திரும்பிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், அம்மா போட்டது போட்டபடி ஓடுவாள், நானும் பின்னாலேயே ஓடுவேன்.

"ஏனுங்க, இப்ப அங்க எப்படீங்க? போலாமுங்களா?"

"போலாமுங்க. ஆனா நா உங்கள வத்தலாத்தான் திருப்பிக் கொண்டாரோணும். அந்தூர்ல வெங்காயத்தை ஜோப்புல போட்டுக்கிட்டுத்தான் தெருவுல எறங்கறாங்க. இல்லீன்னா அனல்காத்து அடிச்சுப்புடுமாம்."

அடுத்த நடைக்கே அம்மா சின்ன வெங்காயம் ஒரு மூட்டை கட்டி மகளுக்குக் கொடுத்துவிட்டாள். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது அந்தத் தெருவுக்கே பத்துமுங்க" என்றார். சிரித்தாலும் ஒன்று உதிராமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். தையில் பொங்கல் சீரும் அந்த லாரியில்தான் போனது. திரும்பும்போது அக்கா ஒரு கூடை ஆரஞ்சு அனுப்புவாள். பாதி வழியிலேயே அழுகியிருக்கும். அம்மா அழுகலை அரிந்து போட்டுவிட்டு மிச்சத்தை எங்களுக்குப் பங்கு வைப்பாள்.

ஒரு ஆடிக்கு அக்கா வந்தாள். கறுத்துப்போய், கன்னமெல்லாம் ஒட்டி, எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஏஞ்சாமி இப்படி ஆயிட்டே?" என்று அம்மா அழுதாள். "அங்க எல்லாரும் இப்படித்தானுங்ம்மா" என்று அவள் சிரித்தாள். அடுத்த சித்திரைக்கு வந்துவிடுகிறேன் என்று அம்மா சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, சித்திரையில வந்தராதீங்கம்மா! கொடத்துத் தண்ணி கொதிக்கும். நனைச்ச சீலையைப் போத்திக்கிட்டுத்தான் படுக்கோணும். மார்கழியில வாங்க. எங்கூட்டை நல்லா இருக்கறப்பத்தான் நீங்க பாக்கோணும்."

பெருமைக்காரி. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். கிழிந்த பாவாடையைக் கிழிசல் தெரியாமல் மடித்துக் கட்டுகிறவள்.

கிழங்கு கெட்டாலும் கெடட்டும், வருகிற மார்கழிக்குப் போயே தீர்வது என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அம்மா முறுக்குச் சுட்டாள், புதுச்சேலை எடுத்தாள், எனக்கும் ஒரு பாவாடை எடுத்தாள். கிளம்ப வேண்டிய வாரத்தில் மில்காரன் எங்கள் முறையை முன்னால் போட்டுவிட்டான். "இந்த ஒரு தடவை பொறுத்துக்க" என்றார் அப்பா. முறுக்கு மட்டும் லாரியில் போனது. அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தின அம்மா, பங்குனியில்தான் வாயைத் திறந்தாள். "வெயிலாவது வெங்காயமாவது, நா போறேன்!"

அப்பா தடுத்தார். டிரைவர்கூட அந்தத் தடவை சிரிக்காமல் வேண்டாம் என்றார். அக்கா அவரிடமே சொல்லி அனுப்பினாள்: "வந்தா நா பேசமாட்டேன்னு சொல்லுங்கண்ணா. இந்த வெயில்ல எங்கம்மாவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நா எங்க போவேன்?" அதைக் கேட்டு அம்மா அடங்கிப்போனாள். சித்திரை போயிற்று.

வைகாசியில் செவ்வாய்ப்பேட்டை மண்டி ஆள் சைக்கிளில் வந்தான். தந்தி வந்திருக்கிறது, அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லையாம், உடனே புறப்படச் சொல்கிறார்கள் என்றான். அத்தனை தூரம் மிதித்து வந்தவன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நின்றான். அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு ஒருத்தர் வாயிலும் வெயில் என்ற பேச்சே வரவில்லை. இருந்த துணியோடு கிளம்பினோம்.

ரயிலை விட்டு இறங்கினதும் எதிர்க்காற்று அடுப்பைத் திறந்தாற்போல மூஞ்சியில் அடித்தது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "வெச்சிருக்க முடியலீங்க மாமா. இந்த வெயில்ல முடியலீங்க" என்று கதறினார். எரித்துவிட்டார்கள். பெற்றவள் மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தெருக்குழாயில் வேனல் காலத்தில் மத்தியானம்தான் தண்ணீர் விடுவார்களாம். குடத்தோடு வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்திருக்கிறாள். அனல் காற்று அடித்து, காய்ச்சல் ஏறி, நினைவு திரும்பவே இல்லை. ஒற்றை அறை, மேலே தகரம். அதைத்தான் நன்றாக இருக்கும்போது பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், பாவி. அம்மா சுவரில் கையை வைத்தாள். சூடு தாங்காமல் எடுத்தாள். மறுபடியும் வைத்தாள், அப்புறம் எடுக்கவே இல்லை, அப்பாதான் பிடித்து இழுத்தார். பக்கத்து வீட்டு மராட்டியப் பொம்பளை ஓடிவந்து, "ஆயி, ஆயி" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் பாஷையில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்தச் சொல்லில்தான் அம்மா உடைந்தாள். நான் அழுதது பாதி துக்கத்தில், பாதி ஆத்திரத்தில். அப்பா மேல், கிழங்கு மேல், அந்தக் குழாய் மேல், யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். இன்றும் அது அடங்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகும் கிழங்குதான் போட்டார். சோற்றுக்கு வேறு வழி?

சில வருஷம் கழித்து என்னை ஆத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். தூரமாகக் கொடுக்கக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்புறம் அவள் வருகிற வரத்து இருக்கிறதே! ஐப்பசி அடைமழையில் முழங்கால் சேற்றோடு வருவாள். ஆடிக் காற்றில் கண்ணெல்லாம் மண்ணாக வருவாள். தையில், ஊரே குளுகுளுவென்று இருக்கும்போது கூப்பிட்டால் மட்டும் வரமாட்டாள். "இப்பத்தான் நீ நல்லா இருக்கறயே" என்பாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று என் மாமியார் ஜாடையாகப் பேசுவார்.

ஒரு தடவை நடுக் கத்திரியில், மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கி, முகமெல்லாம் ரத்தச் சிவப்பாக, மூச்சு வாங்க வாசலில் நின்றாள். எனக்கு வந்ததே கோபம். "இந்த வேகாத வெயில்ல ஏனுங்ம்மா வந்தீங்க? நல்ல நாளாப் பாத்து வரக்கூடாதா?" என்று கத்தினேன்.

சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த வெயில்லதான கண்ணு நீயும் இருக்கற?"