அண்ணி மூச்சு விட்ட இடம்

என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்திவிட்டு வருவார். பல் துலக்கிக்கொண்டே வந்து திரையை எட்டிப் பார்ப்பார். பாட்டு வேலைக்கான எந்த மென்பொருளில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்பது ஊருக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்கள் கட்டடத்தில் இவருக்கு ‘அப்டேட்’ என்றே பெயர். கீழ்வீட்டு வாண்டுகூட "அப்டேட் மாமா" என்றுதான் கூப்பிடுகிறது. நான் சண்டைக்குப் போகவில்லை. பொருத்தமான பெயருக்கு என்னத்துக்குச் சண்டை?

சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் இவருடைய ஸ்டுடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருக்கிறார். உள்ளே போனால் காது அடைத்துக்கொள்ளும். விளம்பரம், சின்னப் படம் என்று யார் யாரோ பாடிய பாட்டெல்லாம் இவரிடம் வரும். சுருதி விலகின இடத்தை இழுத்துப் பிடித்து, இருமலை எடுத்து, மூச்சு வாங்குகிற சத்தத்தை நறுக்கி, மினுக்கி அனுப்புவார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, விபரீதம் நடப்பதற்கு முன்னால் பிரேக்கை மிதிப்பதுதான் என் பிழைப்பு. இந்த மனுஷனுக்கு மட்டும் பிரேக் எங்கே இருக்கிறதென்று இன்னும் கண்டுபிடித்த பாடில்லை.

புது வெர்ஷன் வந்துவிட்டால் அவ்வளவுதான், வீடு வீடாக இருக்காது. ஒரு தடவை என் மிக்ஸி ஓடும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய், அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, இழுத்து நீட்டி, வயலின் கூட்டம் ஒன்று வாசிப்பது போல ஆக்கிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பதிவு செய்து முடிக்கும் வரை நான் வெறும் ஜாரை ஓட்டிக்கொண்டு நின்றேனே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இவருக்கு ஓர் அக்கா. எனக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவேன். மருந்துக்கடையில் வேலை. கணவர் கப்பலில், வருடத்தில் பாதி கடலோடு. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டென்றால் உயிர், ஆனால் பாடு என்று கூப்பிடத்தான் ஆளில்லை. மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே முணுமுணுப்பதோடு சரி. ஒரு சின்னப் படத்துக்குப் பாட வேண்டிய பெண் கடைசி நேரத்தில் கையை விரிக்க, இவர் அக்காவைக் கூட்டி வந்து மைக் முன்னால் நிறுத்தினார். அந்தப் பாட்டில் ஒரு வரி ரொம்ப நீளம். சுற்றிச் சுற்றி மேலே ஏறி, ஏறிய இடத்தில் நின்று, பிறகுதான் இறங்கும். அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் பாடினார். கடைசியில் இவர், "போதும்க்கா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தார்.

படம் வந்த சுவடு தெரியவில்லை. பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. அதிலும் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து ஆளாளுக்குப் போனில் அனுப்பிக்கொண்டார்கள். "ஒரே மூச்சுல எப்படிப் பாடறாங்க பாரு!" மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டுவதற்கு முன்னால், "அந்த வரியைக் கொஞ்சம் பாடுங்களேன்" என்றார்கள். அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு இசைக்குழுக்காரர் போன் செய்தார். பெரிய அரங்கத்தில் மேடைக் கச்சேரியாம். "அந்த ஒரே மூச்சு வரிக்குத்தாம்மா ஜனம் வரும்" என்றார். அண்ணி சரியென்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அண்ணி எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. பழகிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு காலை, வண்டி பழக வர வேண்டிய பெண் வராமல் போக, சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போனில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடவே அண்ணியும் பாடிக்கொண்டிருந்தார். அந்த வரி வந்தது. போன் ஏறியது, அண்ணியும் ஏறினார். பாதியில் அண்ணியின் குரல் அறுந்தது. போன் அதுபாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டார். திரும்பவும் அதே கதை. நான் உள்ளே போனபோது பாத்திரம் கழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து நின்றார்.

"அண்ணி! என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தலை சுத்துது." தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்தார். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன. என்னால முடியல. ரெக்கார்டிங் அன்னைக்கு அத்தனை தடவையில எதுலயோ ஒரே மூச்சுல பாடிட்டேன்ல? அதுக்கப்புறம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. மூச்சு நிக்க மாட்டேங்குது."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுமே இல்லங்கறார். அவரு சொல்லிட்டா ஆச்சா? அன்னைக்கு முடிஞ்சது இன்னைக்கு முடியலன்னா உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்? தினமும் கடையில பாக்கறேனே, இப்படித்தான் ஆரம்பிக்கும்." டம்ளரை என் கையில் திணித்தார். "தம்பிகிட்ட மூச்சு விடாத. எனக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா பொண்ணை மட்டும் பாத்துக்கோ."

வீட்டுக்கு எப்படி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றே தெரியாது. இவர் மெத்தை அறையில் ஒரு காலால் தாளம் தட்டியபடி உட்கார்ந்திருந்தார். சொல்லாதே என்று அண்ணி சொல்லியிருக்கிறாரே என்று, சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏங்க, அன்னைக்கு அண்ணி அந்த வரியை எப்படித்தான் ஒரே மூச்சுல பாடினாங்க?"

இவர் முகம் மலர்ந்துபோயிற்று. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க பாடினா? பதிவு பண்ணின எல்லா டேக்லயும் நடுவுல மூச்சு வாங்கிட்டா. நான் அதை வெட்டிட்டேன். வெட்டினா ஓட்டை விழும்ல? முன்னெல்லாம் மேல தபேலாவைப் போட்டு மறைப்போம். இந்தப் புது வெர்ஷன் என்ன பண்ணுது தெரியுமா? அக்கா குரலைப் படிச்சுக்கிட்டு, அவ பாடாத துண்டை அவ குரல்லயே செஞ்சு ஓட்டையில வச்சு அடைச்சுடுது! ஒட்டின இடம் எனக்கே தெரியலன்னா பாத்துக்கோ!"

அப்புறம் நான் எதையும் மறைக்கவில்லை. தொட்டி, வெளுத்த உதடு, டாக்டர், பெண்ணைப் பார்த்துக்கொள் என்றது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். இவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"எல்லாருக்கும் செய்றதுதானே... அக்காவுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சா அவங்க எதுக்குங்க உயிரைக் குடுத்து அதைத் துரத்திக்கிட்டு இருக்காங்க? இப்பவே போனை எடுங்க."

எடுத்தார், வைத்தார். பால்கனிக்குப் போனார், வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியிறங்கிப் பாதியில் திரும்பி வந்தார். அடுத்து வந்த நாட்கள் முழுக்க இதே கூத்துதான். நடுவில் ஒரு நாள் கண்ணில் பழைய மின்னலோடு ஓடி வந்தார். "மேடையிலயே குரலை இழுத்துப் பிடிக்கற எஃபெக்ட் ஒண்ணு வந்திருக்கு. அக்கா நிறுத்தினாலும் அது நிறுத்தாது. அவளுக்கே தெரியாம போட்டு விட்டுடலாம்!"

"பொய்க்கும் ஒரு அப்டேட்டா?" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாழ்க்கையில ஊரே அவளைப் பாராட்டினது இந்த ஒண்ணுக்குத்தான். அது நீ பாடினதில்லக்கான்னு எந்த வாயால சொல்லுவேன்?" அதைக் கேட்டபோது எனக்குக் கோபத்தையும் மீறிப் பாவமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அண்ணியே வந்தார். உட்காரக்கூட இல்லை. கச்சேரிக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போகிறாராம். இனிமேல் பாட்டே வேண்டாமாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு எழுதி வாங்கியிருக்கிறாராம், தம்பி கூட வர வேண்டுமாம். இவர் சுவிட்ச் பக்கம் போனார். விசிறியை நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

இவர் அக்காவின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனார். ஒரு டேக்கை ஓடவிட்டார். குரல் மேலே மேலே ஏறியது. நடுவில் நின்றது. நன்றாகக் கேட்கும்படி ஒரு மூச்சு. பிறகு மறுபடி ஏறியது.

"யாருடா இது?"

"நீதான்க்கா."

அண்ணி குனிந்து திரையைப் பார்த்தார். "இன்னொண்ணு போடு." போட்டார். அதே இடத்தில் அதே மூச்சு. "இன்னொண்ணு." எல்லாவற்றிலும் அதே இடத்தில்தான் அண்ணி மூச்சு வாங்கியிருந்தார். இவர் வெட்டியதையும் ஒட்டியதையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார்.

"அப்ப நான் ஒரு தடவைகூட அப்படிப் பாடலையா?"

"இல்லக்கா. யாராலயும் முடியாது."

"எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்லக்கா."

பளாரென்று இவர் முதுகில் ஒன்று விழுந்தது. அதோடு நிற்கவில்லை, மாற்றி மாற்றி விழுந்தது. "பாவி! செத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்டா! எம் பொண்ணை யார் பாத்துக்குவான்னு நெனச்சு நெனச்சு..." அடித்த கையாலேயே தம்பியின் தலையைக் கட்டிக்கொண்டு அண்ணி விம்மி விம்மி அழுதார். நடுவில் சிரிப்பும் வந்தது. நானும் அழுதேன், எனக்கென்ன கல் நெஞ்சா?

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப எல்லாரும் பாராட்டினாங்களே, அது?"

"மத்ததெல்லாம் நீ பாடினதுதான்க்கா. அந்தக் கொஞ்சம்தான்..."

"அந்தக் கொஞ்சத்தைத்தானேடா எல்லாரும் கேட்டாங்க?"

அண்ணியே போனை எடுத்து இசைக்குழுக்காரரைக் கூப்பிட்டார். "நான் பாட வரேன். ஆனா அந்த வரியில நடுவுல மூச்சு வாங்கிக்குவேன். உங்களுக்குச் சம்மதமா?"

அந்தப் பக்கம் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. "ஐயோ, அது வேண்டாம்மா. அந்த இடத்துக்கு ரெக்கார்டிங்கை ஓட விட்டுடறோம். நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

"வாயசைக்கறதுக்கு நான் எதுக்குங்க? நல்லா உடுத்தத் தெரிஞ்ச பொண்ணு யாரையாவது நிக்க வைங்க" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மனிதர் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். போஸ்டரில் வேறொரு இளம் பாடகியின் படம் வந்தது. பக்கத்திலேயே ‘அந்த ஒரே மூச்சுப் பாடல்’ என்று கொட்டை எழுத்து. மற்ற பாட்டையெல்லாம் அந்தப் பெண்ணே பாடுவாள், இந்த வரிக்கு மட்டும் அண்ணியின் குரல் ஓடும். பாட்டு படக்காரருக்குச் சொந்தமாம், கேள்வி கேட்க முடியாதாம். இவர் கொதித்தார், நான் இவரைவிடக் கொதித்தேன். அண்ணி எங்கள் மூவருக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். "எதுக்கு அண்ணி உங்களுக்கு இந்த வேதனை?" என்று கேட்டேன். "பாக்கணும்" என்றார், அவ்வளவுதான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்களுக்குப் பின்பக்கம்தான் இடம். அந்தப் பெண் நன்றாகவே பாடினாள், குறை சொல்ல மாட்டேன். இவர் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே இருந்தார். அந்தப் பாட்டு தொடங்கியதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த வரி வந்தது. மேடையில் இருந்தவள் வாயைத் திறந்தாள். என் அண்ணியின் குரல் அரங்கம் முழுக்க ஏறியது.

என் பக்கத்தில் அண்ணியும் பாடினார். முணுமுணுப்பாகத்தான் ஆரம்பித்தார். மேலே போகப் போக அடக்க முடியாமல் வாய்விட்டே பாடினார். நடுவில், எல்லா டேக்கிலும் நின்ற அதே இடத்தில், நிறுத்தி, சத்தமாக மூச்சை இழுத்து, மறுபடி ஏறி முடித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் கடுகடுவென்று திரும்பினார்.

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா. அவங்க எவ்வளவு அழகாப் பாடறாங்க, கேக்க விட மாட்டேங்கறீங்களே!"

இவர் துள்ளி எழுந்தார். "சார், அதைப் பாடறதே இவங்கதான்..."

அண்ணி இவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "உக்காருடா. அந்த வரி இன்னொரு தடவை வருது" என்று சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்.